அத்தியாயம் 7: எழும்பாத கணினி, கறுப்புத் திரையின் கடைசி வரி

வன்தட்டு இல்லாத கணினி எழும்பாமல் நின்றால் உடனே பவர் பட்டனை அமுக்காதீர்கள். திரையில் கடைசியாக என்ன வரி இருக்கிறது என்று வாசியுங்கள். போன் கையில் இருந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணினி அறையில் ஒரு கோளாறு அரை நாளை விழுங்கிவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கோளாறின் பருமன் அல்ல. வரியை வாசிக்காமல் அணைத்துவிட்டு, நேரே போய்ச் சேர்வரில் கைவைத்து, ஒழுங்காக இருந்ததையும் கலைத்துவிடுகிறோம். இந்த அத்தியாயத்தில் சேர்வரைத் திரும்ப நிறுவும்படி எந்த இடத்திலும் சொல்லப்போவதில்லை. பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளிலும் பழைய நெனசல நிலையங்களிலும் வரும் கோளாறுகளில் மிகப் பல கேபிள், பெட்டரி, கரண்ட், வேண்டாத இடத்தில் செருகிய ரவுட்டர் என்ற நான்கில் அடங்கிவிடும்.

சென்ற அத்தியாயத்தில் எல்டிஎஸ்பி வைத்து சேர்வரை அமைத்தோம். கணினி எழும்பும் ஒழுங்கை இங்கே ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். பட்டனை அமுக்கியதும் பயோஸ் விழித்து, நெட்வொர்க் காட்டில் இருக்கும் பிஎக்ஸ்ஈ என்ற சிறு நிரலை ஓட்டுகிறது. அது வலையமைப்பில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி "எனக்கு முகவரி இல்லை, யாராவது கொடுங்கள்" என்று கேட்கிறது. முகவரியும், எந்தச் சேர்வரிடம் எந்தக் கோப்பை வாங்குவது என்ற தகவலும் பதிலாக வருகின்றன. டிஎஃப்டிபி வழியாக அந்தச் சிறிய கோப்பு இறங்குகிறது, அதுதான் ஐபிஎக்ஸ்ஈ. அது கெர்னலையும் தொடக்கக் கோப்பையும் இறக்குகிறது. கெர்னல் விழித்து, என்எஃப்எஸ் வழியாகச் சேர்வரிலுள்ள முழு இமேஜையும் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகுதான் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வரும்.

ஒரு படி முடிந்தால்தான் அடுத்தது. ஆகவே திரையில் எந்தப் படியின் வரி கடைசியாக நிற்கிறதோ, அதற்கு முந்திய படிகளெல்லாம் நடந்து முடிந்தவை. அவற்றைத் தொடவேண்டியதில்லை. இன்டெல் வெளியிட்ட பிஎக்ஸ்ஈ விதிமுறையின் 2.1 பதிப்பு 1999 செப்டெம்பரில் வந்தது. எல்டிஎஸ்பியை ஜிம் மெக்குவிலன் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அன்றிலிருந்து கறுப்புத் திரையின் பிழை இலக்கங்கள் பெரிதாக மாறவில்லை என்பது நமக்கு வசதி. 'பிஎக்ஸ்ஈ-ஈ' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கத்தை மட்டும் பாருங்கள்.

பிஎக்ஸ்ஈ வரியே வராவிட்டால்

சில கணினிகள் பிஎக்ஸ்ஈ என்ற சொல்லையே காட்டாமல், பூட் டிவைஸ் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நிற்கும். நேற்றுவரை நன்றாக எழும்பிய கணினி நீண்ட விடுமுறைக்குப் பிறகோ கரண்ட் போய் வந்த பிறகோ இப்படி நின்றால், மதர்போட்டிலுள்ள வட்டப் பெட்டரியைச் சந்தேகியுங்கள். சீஆர்2032 என்று அதன் முதுகில் எழுதியிருக்கும், 3 வோல்ட். சில ஆண்டுகளில் இறங்கிவிடும். பெட்டரி செத்த கணினியில் கரண்ட் முழுதாக நின்றதும் பயோஸ் தன் நினைவை இழந்து, தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குப் போய்விடும். அந்த நிலையில் வலையமைப்பிலிருந்து எழும்பும் வசதி பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். வன்தட்டைத் தேடும், அது இல்லை, நின்றுவிடும்.

இதற்கு எளிய சோதனை பயோஸுக்குள் போய்த் திகதியைப் பார்ப்பது. பல ஆண்டு பின்னால் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். பதுளை பஜாரில் மணிக்கூட்டுக் கடையில் கேட்டாலே இந்தப் பெட்டரி கிடைக்கும். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி மிச்சக் கரண்டைப் போக்கிவிட்டு, பழையதன் எழுத்துள்ள பக்கம் எப்படி மேலே இருந்ததோ அப்படியே புதியதை வையுங்கள். பிறகு பயோஸில் மூன்று இடத்தைச் சரிபாருங்கள்: உள் நெட்வொர்க் காட் இயங்க வேண்டும், அதன் பிஎக்ஸ்ஈ அல்லது நெட்வொர்க் ஸ்டாக் திறந்திருக்க வேண்டும், எழும்பும் ஒழுங்கில் நெட்வொர்க் முதலில் நிற்க வேண்டும். புதிய கணினியென்றால் செக்யூர் பூட்டையும் அணைத்துவிடுங்கள். ஐபிஎக்ஸ்ஈ கோப்பில் அது எதிர்பார்க்கும் கையொப்பம் வழக்கமாக இருக்காது. கோப்பு இறங்கிய பிறகும் ஓடவிடாமல் தடுத்துவிடும்.

பெட்டரி ஒன்றில் இறங்கிவிட்டதென்றால் அதே வயதுடைய மற்றவற்றிலும் நாள் நெருங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்தே வாங்கி வைப்பது நல்லது. தேர்தலுக்கு வந்தவர்களும் வெளிநாட்டு நலன்விரும்பிகளும் கணினி கொடுப்பார்கள். பெட்டரி கொடுப்பவரை நான் கண்டதில்லை.

61: வயரைப் பார்

இது மிகத் தெளிவான வரி. கேபிள் வழியாக மறுமுனையில் ஒன்றும் தென்படவில்லை என்று கணினியே சொல்கிறது. பின்னால் குனிந்து நெட்வொர்க் துளையின் விளக்கைப் பாருங்கள். எரியவில்லையென்றால், நன்றாக எழும்பும் பக்கத்துக் கணினியின் கேபிளைக் கழற்றி இதில் செருகுங்கள். எழும்பினால் கேபிள்தான் பிழை. எழும்பாவிட்டால் சுவிட்சில் வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால், சரியான பிறகு எது கெட்டிருந்தது என்று தெரியாமல், கெட்டதை அலுமாரியில் நல்லதென்று வைத்துவிடுவீர்கள்.

அப்புத்தளை, தங்கமலைப் பக்கம் மூடுபனி யன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து போகும். அங்கே ஆர்ஜே45 முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு உலோக நாக்குகளும் பொன்னிறமாக மின்ன வேண்டும். பச்சையாகவோ மங்கலாகவோ இருந்தால் சுத்தமாக்கிப் பயனில்லை. வெட்டிவிட்டுப் புது முனை போடுங்கள். இடமிருந்து வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். இரண்டு முனையிலும் இதே ஒழுங்கு. நீலச் சோடிக்கு இரு பக்கமும் பச்சைச் சோடி பிரிந்து நிற்பது பிழையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று நிறத்தை நிறத்தோடு அடுக்கிவிட்டால் விளக்கு எரியும், வேலை நடக்காது.

பதுளையில் மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இறங்கும் காலம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெளியால் இழுத்த செம்புக் கேபிள் இருந்தால், மின்னல் நேரே அதில் விழவேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே அந்தக் கேபிளில் ஏறும் மின்னழுத்தம் சுவிட்ச் போர்ட்டையும் கணினியின் நெட்வொர்க் காட்டையும் எரித்துவிடும். இடிக்கு மறுநாள் நான்கைந்து கணினி ஒன்றாக 61 காட்டினால், அவையெல்லாம் சுவிட்சில் அடுத்தடுத்த போர்ட்டிலா என்று பாருங்கள். அப்படியென்றால் கணினிகள் தப்பித்திருக்கலாம். கட்டடத்துக்குக் கட்டடம் இழுக்க வேண்டுமென்றால் ஃபைபர் போடுங்கள். இரண்டு பக்கமும் சிறு மாற்றிப் பெட்டி தேவைப்படும், ஆனால் கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. அந்தச் செலவுக்கு வழியில்லாவிட்டால், பாடசாலை விட்டதும் வெளிக்கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டுப் போவது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

51: கேட்டேன், பதில் இல்லை

முகவரி கேட்டது, யாரும் கொடுக்கவில்லை. இங்கே முதல் கேள்வி: ஒரு கணினிக்கா, எல்லாவற்றுக்குமா?

எல்லாவற்றுக்கும் என்றால் காலையில் கரண்ட் போய் வந்ததா என்று விசாரியுங்கள். கரண்ட் வந்ததும் தானாகவே எழும்பும்படி பயோஸில் அமைத்த கணினிகள் ஒரே நொடியில் விழித்து முகவரி கேட்கும். சேர்வர் எழும்ப இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். பிஎக்ஸ்ஈ வழக்கமாக 4, 8, 16, 32 விநாடி என்று நான்கு முறை காத்திருந்துவிட்டுக் கைவிடும்; மொத்தம் ஒரு நிமிடம். சேர்வர் ஆயத்தமாகும்போது கணினிகள் எல்லாம் தோற்றுப்போய் நிற்கும். சேர்வரில் உள்நுழைவுத் திரை வந்த பிறகு கணினிகளை மறுபடி எழுப்பினால் முடிந்தது. இது கோளாறே அல்ல. அந்தத் தானாக எழும்பும் அமைப்பைக் கணினிகளில் அணைத்து, சேர்வரில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யுபிஎஸ் இருந்தும் இப்படி ஆகிறதென்றால் சுவிட்ச் எந்த பிளக்கில் இருக்கிறது என்று பாருங்கள். சேர்வர் யுபிஎஸ்ஸில், சுவிட்ச் சுவரில் என்ற அமைப்பைப் பல இடத்தில் பார்க்கலாம். கரண்ட் போனதும் சேர்வர் உயிரோடு இருக்கும், பேச ஆளிருக்காது.

சேர்வரே முகவரி கொடுக்கும் அமைப்பில், அது எழும்பியிருந்தும் 51 என்றால், அந்த வேலையைச் செய்யும் டிஎன்எஸ்மாஸ்க் ஓடுகிறதா என்று பார்த்து, அதைத் திரும்பத் தொடங்குங்கள். வலை இணைப்பு வரும் முன் அது ஓடத் தொடங்கித் தடுமாறியிருக்கலாம்.

ஒரே ஒரு கணினிக்கு 51 என்றால் அதன் மெக் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎக்ஸ்ஈ திரையிலேயே இருக்கும். சேர்வரில் டிஎன்எஸ்மாஸ்க்கின் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தக் கணினியை மறுபடி எழுப்புங்கள். அந்த முகவரி பதிவேட்டில் வருகிறதா? வந்தால் கேள்வி சேர்வரை அடைந்திருக்கிறது. சேர்வரின் பதிலைத்தான் ஆராய வேண்டும். வராவிட்டால் கேள்வி வழியிலேயே தொலைகிறது. சேர்வரில் எதையும் தொடாதீர்கள். இந்த ஒரு சோதனை பாதி வேலையை வெட்டிவிடும். இதற்காகவே ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் மெக் முகவரியின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டி வைக்கும்படி 4ஆம் அத்தியாயத்தில் கேட்டிருந்தேன்.

அலுவலகமொன்று புதுப்பித்துக்கொண்டு கொடுத்த விலை உயர்ந்த சுவிட்சுகளில் இன்னொரு தொல்லை உண்டு. ஸ்பானிங் ட்ரீ என்ற பாதுகாப்பு அதில் இருக்கும். கேபிள் உயிர்பெற்றதும் போர்ட்டை உடனே திறக்காமல், வலையமைப்பில் வளையம் இருக்கிறதா என்று 30 விநாடி பார்த்துவிட்டுத்தான் திறக்கும். எல்லா நெட்வொர்க் காட்டும் அவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. கணினிக்கும் அந்தச் சுவிட்சுக்கும் நடுவில் ஒரு மலிவான ஐந்து போர்ட் சுவிட்சை வைத்துப் பாருங்கள். எழும்பிவிட்டால் காரணம் இதுதான். பெரிய சுவிட்சின் அமைப்பில் கணினிகள் இருக்கும் போர்ட்டுகளுக்கு போர்ட்ஃபாஸ்ட்டை இயக்கிவிடுங்கள்.

53: முகவரி தந்தார்கள், கோப்பின் பெயர் தரவில்லை

எனக்கு மிகவும் பிடித்த இலக்கம் இது, ஏனென்றால் கிட்டத்தட்ட எப்போதும் ஒரு மனிதர் செய்த வேலை. வலையமைப்பில் யாரோ முகவரி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் எதை இறக்குவது என்று சொல்லவில்லை. ரவுட்டரே முகவரி கொடுக்கும் அமைப்பில், சேர்வரின் டிஎன்எஸ்மாஸ்க் கோப்புத் தகவலை மட்டும் பக்கத்திலிருந்து சேர்த்துச் சொல்லும். ரவுட்டரின் அமைப்பைத் தொட நமக்கு அனுமதி இல்லாத இடங்களுக்கு இதுவே ஏற்ற வழி. 53 வந்தால் அந்தப் பக்கக் குரல் கேட்கவில்லை என்று பொருள்.

எல்லாக் கணினியிலும் 53 என்றால் டிஎன்எஸ்மாஸ்க் நின்றிருக்கும், அல்லது ரவுட்டர் மாறியிருக்கும். பழைய ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரி கொடுத்திருக்க, புதிதாக வந்த சிம் ரவுட்டர் 192.168.8 என்று கொடுக்கும். டிஎன்எஸ்மாஸ்க்கின் அமைப்பில் பழைய வரிசை எழுதியிருந்தால் புதிய வரிசைக்கு அது வாய் திறக்காது. சேர்வரின் முகவரியை ரவுட்டரின் தயவில் விடாமல் நிலையாக எழுதி வையுங்கள் என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

சில கணினியில் மட்டும், சில நாளில் மட்டும் வந்தால் இரண்டாவது ரவுட்டர் ஒன்றைத் தேடுங்கள். அதிபர் அறையில் வைஃபை எட்டவில்லை என்று யாராவது வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருப்பார். நீல நிறத் துளையில் செருகவேண்டியதை மஞ்சள் துளையில் செருகியதும் அதுவும் முகவரி வழங்கத் தொடங்கும். கணினி யாருடைய பதிலை முதலில் எடுக்கிறதோ அதன்படி அன்றைய பலன். திரையில் காட்டும் முகவரி உங்கள் வரிசையில் இல்லையென்றால் ஐயமே இல்லை. ரவுட்டரைப் பறிக்க வேண்டாம். அதில் முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணைத்துவிட்டால் வைஃபை மட்டும் கொடுத்துக்கொண்டு அமைதியாக இருக்கும். யார் செருகியது என்ற விசாரணையைப் பிள்ளைகள் முன்னால் வைக்காதீர்கள்.

32, மற்றும் கோப்பு இல்லை என்ற வரி

முகவரியும் பெயரும் கிடைத்துவிட்டன, கோப்பு இறங்கவில்லை. 32 என்றால் டிஎஃப்டிபி சேர்வர் பதில் தரவில்லை: ஃபயர்வாலில் யுடிபி 69 மூடியிருக்கிறதா, சேர்வரின் முகவரி மாறியதா என்று பாருங்கள். கோப்பு இல்லை என்ற வரி வந்தால் சேர்வர் பேசுகிறது, பெயரோ பாதையோதான் பிழை. லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

பழையதும் புதியதும் கலந்த அறையில் இன்னொன்றையும் பாருங்கள். பழைய பயோஸ் கணினிக்கு ஒரு ஐபிஎக்ஸ்ஈ கோப்பு, புதிய யூஇஎஃப்ஐ கணினிக்கு வேறொன்று. முகவரி கேட்கும்போதே கணினி தன் வகையைச் சொல்லும்: 0 என்றால் பயோஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. எல்டிஎஸ்பி தரும் டிஎன்எஸ்மாஸ்க் அமைப்பு இதைக் கேட்டுப் பிரித்துக் கொடுக்கும். யாராவது அதைத் திருத்தி எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பை எழுதிவிட்டால், ஒரு வகைக் கணினி எழும்பும், மற்ற வகை கோப்பை இறக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றுவிடும்.

கெட்ட கேபிள் இங்கேயும் தலைகாட்டும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. முகவரி வாங்குவதற்குப் போய்வருவது நான்கே சிறு பொட்டலங்கள். அரைகுறைக் கேபிளிலும் அவை தப்பிப் போய்விடும். டிஎஃப்டிபியோ ஒரு துண்டை அனுப்பி, 'கிடைத்தது' என்று பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். வழியில் துண்டு தொலைந்தால் காத்திருந்து மறுபடி அனுப்பும். ஆகவே பக்கத்துக் கணினி அரை நிமிடத்தில் இறக்குவதை ஒன்று மட்டும் பத்து நிமிடமாக இறக்கினால் அது சேர்வரின் சோம்பல் அல்ல. கேபிளை மாற்றுங்கள்.

எல்லாமே மெதுவென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கெர்னலும் தொடக்கக் கோப்பும் சேர்ந்து 100 எம்பி என்று வைப்போம். 20 கணினி ஒன்றாக எழும்பினால் 2,000 எம்பி. சேர்வரிலிருந்து சுவிட்சுக்குப் போகும் இணைப்பு 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12 எம்பிக்கு மேல் தாண்டாது. கிட்டத்தட்ட மூன்று நிமிடம் அதற்கே போய்விடும். அந்த ஒரு இணைப்பு கிகாபிட் ஆனால் நிலைமை தலைகீழ். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்; ஒரு கம்பி அறுந்தாலே 100க்கு இறங்கிவிடலாம், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சேர்வரின் கேபிளை எலி கடிக்காத உயரத்தில் கொண்டுபோங்கள்.

கெர்னல் விழித்த பிறகு

வெள்ளை எழுத்துகள் ஓடி, இனிட்ராம்எஃப்எஸ் என்ற அடைப்புக்குறியோடு ஒரு கட்டளை வரி வந்து நின்றால், கெர்னல் எழும்பிவிட்டது, இமேஜைப் பிடிக்க முடியவில்லை. என்எஃப்எஸ் சேவை ஓடுகிறதா, டிசிபி 2049 திறந்திருக்கிறதா என்று சேர்வரில் பாருங்கள். ஒரே மாதிரிக் கணினிகளில் மட்டும் இது வந்தால் அந்த நெட்வொர்க் காட்டின் டிரைவர் தொடக்கக் கோப்பில் இல்லாமலிருக்கலாம்.

உள்நுழைவுத் திரைவரை வந்து, புதிதாகச் சேர்த்த பிள்ளையின் பெயரை மட்டும் ஏற்க மறுக்கிறதா? கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள். பயனர் பட்டியல் எல்டிஎஸ்பியின் தொடக்கக் கோப்புக்குள்ளேயே போகிறது. புதுப் பயனர் சேர்த்தபின் சேர்வரில் 'எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி' கட்டளையை ஓட்டி, கணினியை மறுபடி எழுப்பினால் பிள்ளை உள்ளே வந்துவிடும். அமைப்புக் கோப்பைத் திருத்தினாலும் இதே கட்டளைதான்.

கடைசியாக, எக்ஸ்86-64 சிபியூ வேண்டும், இருப்பது ஐ686 என்று சொல்லி கெர்னல் நின்றால், அந்தக் கணினி 32 பிட். பழைய பென்டியம் 4களில் இது வரும். சேர்வரில் என்ன செய்தாலும் 64 பிட் இமேஜ் அதில் ஓடாது. 32 பிட்டுக்கென்று தனி இமேஜ் கட்டலாம். டெபியன் 12வரை அதற்கு வழி இருந்தது, 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவலை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பழைய கணினிகளில் ரேமும் குறைவு. இமேஜ் எழும்பினாலும் பிரவுசர் திறந்ததும் திணறும். ஒன்றிரண்டு கணினிக்காக இரண்டாவது இமேஜைக் காலமெல்லாம் பராமரிப்பது என் கணக்கில் கட்டாது. கீபோட், மவுஸ், திரை, விஜிஏ கேபிள் ஆகியவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திறந்தபடி மேசைமேல் வைத்துத் தரம் 10 பிள்ளைகளுக்கு மதர்போட்டின் பாகங்களைக் காட்டப் பயன்படுத்துங்கள். இருப்புப் புத்தகத்தில் பாவனைக்கு உதவாதது என்று எழுத அதிபரின் கையொப்பம் வேண்டும். அதற்கான படிவம் பின்னிணைப்பில் இருக்கிறது.